வந்த காரணம்

கும்பகோணம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் லாட்ஜ்.
இரவு ஷிப்ட் எனக்கு.
பேரேட்டின் ஐந்தாவது கட்டத்தில்
எல்லோரும் எழுதுவது 'தரிசனம்'.
நாலரைக்கு வேன், ஒரே நாளில் ஒன்பது கிரகம்,
திரும்பியதும் கால் வலிக்கு வெந்நீர்.

இருநூற்று நாலு, வேதவதி, ஓசூர்,
'தூக்கம்' என்று எழுதினார்.

மகாமகக் குளம் நடக்கிற தூரம்தான் என்றேன்.
சரி என்றார். போகவில்லை.
மெஸ்ஸுக்கு மட்டும் இறங்கினாராம்:
கடப்பா ஊற்றி நாலு இட்லி.
"இன்னொண்ணு வைக்கட்டுமாம்மானு கேட்டேன்,
கண்ணு கலங்கிருச்சு சார்"
என்றான் பரிமாறும் பக்கிரி.

நாலாம் நாள் விடிகாலை
சாவியை வைத்துவிட்டுத் தயங்கினார்.
"ஏதாவது கோயில் பேர் சொல்லுங்க.
வீட்ல கேப்பாங்க."

மூன்று சொன்னேன்.
திருநாகேஸ்வரத்தில் பால் நீலமாச்சுன்னு
மறக்காமச் சொல்லுங்க என்றேன்.
நூற்றெட்டில் யாரோ விட்டுப்போன
குங்குமப் பொட்டலத்தை
ரசீதோடு மடித்துக் கொடுத்தேன்.

ஓசூர் பஸ் ஐந்தே காலுக்கு.

மாதக் கடைசியில் ஏட்டய்யா வந்து
பேரேட்டைப் புரட்டுவார்.
அந்தக் கட்டத்தில் விரல் வைத்து
இதென்னய்யா என்றால்
என்ன சொல்ல?