ரெண்டுங்கெட்டான்

அக்டோபரில், ஏரி இறுகுவதற்குள்
எல்லாவற்றையும் கரையேற்றிவிட வேண்டும்.
மினசோட்டாவின் வடக்கே, லூன்டெயில் ஏரிக்கரையில்
என் தகரக் கொட்டகை:
நாற்பத்திரண்டு படகுகள், ஒரு டீசல் ஹீட்டர்,
நான், மார்லிஸ்.

தரையைத் துடைக்கும்போதே குடும்பம் தெரிந்துவிடும்.
பான்டூன் என்றால் சிந்திய சோளப்பொரி,
சீட்டுக்கட்டிலிருந்து தொலைந்த ஆட்டின் ராணி,
யாருடைய காதுக்கருவிக்கோ சின்ன பேட்டரி.
அலுமினியக் குழாய்கள்மேல் ஒரு வரவேற்பறை அது.
நாலு பக்கமும் வேலி, வேலிக்கு ஒரு கதவு.
காற்று எழும்பினால் மட்டும்
தன்னைப் பாய்மரம் என்று நினைத்துக்கொள்ளும்.

மீன்பிடிக்கிறவர்களின் தாழ்ந்த படகில்
கம்பளம் முழுக்கக் கொக்கி. வெறுங்காலோடு ஏறமாட்டேன்.
பல் டாக்டரின் கேபின் படகில்
தலை இடிக்கும் அறை, இரண்டு தலையணை,
ஒன்றில் நரைமுடி, ஒன்றில் சிவப்பு.
நான் எதையும் பார்ப்பதில்லை.

போரைடருக்குக் கூர்மூக்கு, கத்தி அடிவயிறு.
அலையை வெண்ணெயாக அறுக்கும்.
ஆனால் மூக்கில் இரண்டு பேர் உட்கார்ந்தால்
முழங்கால்கள் சண்டையிடும்.

பதினேழாம் எண்ணில் நிற்பது டெக் போட்.
கீழே போரைடரின் வயிறு,
மேலே பான்டூனின் அகன்ற நெஞ்சு.
மூக்கை யாரோ ரம்பம் வைத்துச் சதுரமாக்கியிருக்கிறார்கள்.
அந்த வெட்டில் ஓர் ஏணி,
நேராகத் தண்ணீருக்குள் இறங்குவதற்கு.

ஆர்லோவுக்குப் பறக்க வேண்டும்.
ஜோலீனுக்கு, முகம் பார்த்து உட்கார்ந்து
பேச வேண்டும்.
மூன்று வசந்தங்கள் என் வாசலில் நின்றே சண்டை போட்டார்கள்.
இதை வாங்குங்கள், இரண்டும் இதில் இருக்கிறது என்றவள் நான்தான்.
கமிஷன் அறுநூறு டாலர்.

முதல் கோடையிலேயே வந்துவிட்டார்கள்.
'மதிய அலையில் உள்ளங்கையால் அறைகிறது' என்றான் அவன்.
'முன்னால் உட்கார்ந்தால் தொப்பலாக நனைகிறேன்,
பிடித்துக்கொள்ள வேலிகூட இல்லை' என்றாள் அவள்.
அகலக் கால் வைக்காதே என்பார்கள்.
இது மூக்கையே அகலமாக வைத்துக்கொண்டு பிறந்தது.

ஒரு மாலை மட்டும் பார்த்தேன்.
மணல்திட்டருகே நங்கூரம், முன்தளத்தில் ஒன்பது பேர்,
ஓர் ஈர நாய்.
ஜோலீன் ஏணியில் ஏறி வருகிறாள்,
ஆர்லோ துவாலையை விரித்துப் பிடித்திருக்கிறான்.
எதற்கோ எல்லோரும் சிரிக்கிறார்கள்.
தண்ணீர்மேல் சிரிப்பு வெகுதூரம் வரும்.
கையில் ஸ்பானரோடு நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு பட்டியல் போட்டார்கள்.
வீடு அவளுக்கு, டிரக் அவனுக்கு,
நாய்க்கு வாரம் மாற்றி வாரம்.
படகை இருவருமே எழுதவில்லை.
மூன்றாவது குளிர்காலமாக
வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கிடக்கிறது.

செவ்வாய்களில் அவன் வருகிறான்.
உறையில் நான் விட்டுவைத்த ஜிப்பைத் திறந்து
ஸ்டியரிங் முன்னால் உட்கார்கிறான்.
வெளியே மைனஸ் இருபது.
மூச்சுப்புகை காற்றுத்தடுப்பில் படிகிறது.
கால்மணி நேரம், ஒரு காபி.

சனிக்கிழமை அவள்.
முன்னிருக்கையில், பின்பக்கம் பார்த்து,
காலை மடக்கிக்கொண்டு.
அங்கிருந்து பார்த்தால் எதிரே இருப்பது
ஸ்டியரிங் மட்டும்தான்.

ஒருவர் வருவதை மற்றவரிடம் நான் சொன்னதில்லை.
எதற்குச் சொல்ல வேண்டும்?
நான் படகு விற்கிறவள்.

போகும்போது இருவரும் ஒன்றையே கேட்கிறார்கள்:
'அடித்துளைத் திருகு பத்திரமா?'
கட்டைவிரலளவு பித்தளை.
குளிருக்குக் கழற்றி வைப்போம், உள்ளே தேங்கியது வடியட்டும் என்று.
மே மாதம் அதை மாட்ட மறந்தால்
எந்த ரகமானாலும் ஒரே மாதிரிதான் மூழ்கும்.

இருக்கிறது என்கிறேன்.

ஜனவரியில் வாடகைக்கு இரண்டு காசோலைகள் வந்தன,
இரண்டிலும் முழுத்தொகை.
ஒன்றை வங்கியில் போட்டேன்.
மற்றது மேசை இழுப்பறையில்,
பித்தளைத் திருகுக்கு அடியில்.
யாருடையது என்று கேட்காதீர்கள்,
அதை இன்னும் மடித்தபடியேதான் வைத்திருக்கிறேன்.