எண்பதுக்குக் கீழே

நேற்றுப் பின்னேரம் டிலக்சிகா கேட்டாள்:
"டொக்டர், என்னை நித்திரையாக்கேக்க
என்ர இதயமும் நித்திரையாகுமோ?"

ஓம் என்றால் பொய்.
இல்லை என்றாலும் முழு உண்மையில்லை.
"கொஞ்சம் களைக்கும். நான் பக்கத்தில நிப்பன்"
என்றேன்.

திருநெல்வேலிச் சந்திக் கடையொன்றில்
காசு வாங்கிப் போடுகிறவள்.
நாலு படி ஏறினால்
மூச்சு கீழ்ப்படியிலேயே நின்றுவிடும்.
எக்கோவில் அவளது ஈரிதழ் வால்வு
சட்டைப் பொத்தான் துளை போலத் தெரிந்தது.
பன்னிரண்டு வயதில், செட்டிகுளம் முகாமில்
ஒரு தொண்டை நோ.
ஊசி கிடைக்கவில்லை.
தொண்டை தானாக ஆறியது.

இரவெல்லாம் மருந்துகளோடு வாதாடினேன்.
பால் நிறத்து ப்ரொப்போஃபோல் இதமானது,
பயமும் அதுதான்:
குழாய்கள் தளர
இரத்த அழுத்தம் படி தவறியவன் போல் விழும்.
கெற்றமின் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும்,
இதயத்தை ஓடவும் விடும்.
அவளுக்கு ஓட்டம் ஆகாது.
அவளது கடையையே நினைத்துப் பார்த்தேன்:
ஒரேயொரு கவுண்டர் திறந்திருக்க
சனத்தை அவசரப்படுத்தினால் என்ன நடக்கும்?
வரிசை பின்னால் நீண்டு
நுரையீரல் வரை நிற்கும்.

ஆவி மருந்து இதயத் தசையைக் காக்கும் என்று
படித்த காலத்தில் சொன்னார்கள்.
வித்தியாசமில்லை என்றது
பிறகு வந்த பெரிய ஆய்வொன்று.
இருக்கலாம்.
ஆனால் நாளை மேசையில் படுக்கப்போவது
ஆயிரம் பேரின் சராசரி அல்ல.

காலை ஏழரை. பெரியாஸ்பத்திரித் தியேட்டர்க் குளிர்.
அலுமாரியில் எற்றோமிடேற் ஒன்றுதான் மிச்சம்.
இதயத்தைத் தொந்தரவு செய்யாதது;
சிறுநீரகத்தின் மேலிருக்கும் சின்னச் சுரப்பியை மட்டும்
ஒரு நாள் வாய்மூட வைக்கும்.
அந்தக் கடனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திரையில் நூற்றுப் பன்னிரண்டு.
ஒரு துளி மருந்தும் இன்னும் போகவில்லை.
பயம் மட்டும்தான்.

"தங்கச்சி, மைசூர்ப் பருப்பு இப்ப என்ன விலை?"
முகமூடிக்குள் கண்கள் என்னைத் தேடின.
"கிலோவோ, அரைக் கிலோவோ?"
"அரை."
சொன்னாள்.
நெத்தலி, சவர்க்காரம், பிஸ்கற்,
போன மாசம் ஏறியது, இந்த மாசம் இறங்கியது...
நூற்று நாலு.
தொண்ணூற்றாறு.
பென்ரனிலை நூல் கோக்கிற மாதிரி
மெல்ல மெல்ல விட்டேன்.
மாவின் விலையை
பாதியில் விட்டுவிட்டு அவள் போனாள்.
எழுபத்தாறு.
அழுத்தம் அசையவில்லை.
ஆவியைக் கால்வாசி மட்டும் திறந்தேன்.

மிச்சம் சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை.
இயந்திரத்தை நிறுத்தியபோது
புது வால்வோடு இதயம்
முதலில் இரண்டு தரம் இடறியது.
நான் மூச்சு விடவில்லை.
பிறகு நடந்தது.

இருட்டின பிறகு ஸ்கூட்டரில் வீடு போகும் வழியில்
கடையில் நிறுத்தி
அரைக் கிலோ பருப்பு வாங்கினேன்.

அவள் சொன்னதைவிட
ஐந்து ரூபா கூட.
நாளைக்குக் குழாய் எடுத்ததும்
இதைத்தான் முதலில் சொல்லவேணும்.