கம்பிகளை மறந்தவள்

கூடாரத்தின் கம்பிகளை விட்டுவந்தது நான்தான்.
த்ரோம்சோவில், நாலாம் மாடியில்,
குடைகளோடு குடையாக நிற்கின்றன அவை.
துணி வந்துவிட்டது. முளைகள் வந்துவிட்டன.
சுத்தியல்கூட இரண்டு.

பதினொரு பேர், அதில் ஐந்து பேர் பத்து வயதுக்குக் கீழே,
சென்யாத் தீவின் கரையில் வட்டமாக நின்று
புல்லில் கிடந்த பச்சைத் துணியைப் பார்த்தோம்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
எய்லிஃபின் வீட்டாருக்குக் கோபம் வந்தால்
காபி ஊற்றுவார்கள்.
எனக்கு மூன்று கோப்பை கிடைத்தது.

அவன் அக்கா தூர்பியோர் படகிலிருந்து
துடுப்புகளை உருவிக்கொண்டு வந்தாள்.
அவள் கணவன் பிர்ச் மரத்துக்கும் பிர்ச் மரத்துக்கும்
மீன் கயிறு கட்டினான்.
ஒரு மணி நேரம் கழித்து எழுந்து நின்றது
முதுகு வளைந்து ஒரு காலை நொண்டும் ஏதோவொன்று.
"பசு மாதிரி இருக்கு" என்றான் ஓலாவ்.
"கன்னு போடப்போற பசு" என்றாள் இங்வில்.
அதன்பிறகு யாரும் கூடாரம் என்று சொல்லவில்லை.
பசுவுக்குள் போ, பசுவுக்குள் ஷூவோடு ஏறாதே,
பசுவின் வாயை மூடு, கொசு வருது.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் அரை நொடி பிந்திச் சிரித்தேன்.

சாஸேஜ் கருகியது, உருளைக்கிழங்கு ரொட்டியில் மணல்,
குழந்தைகள் மணலோடுதான் கேட்டார்கள்.

படுக்கும்போது தந்த ஸ்லீப்பிங் பேக்கின் கழுத்தில்
அழியாத மையில் ஒரு பெயர்.
இங்வில் இந்த வருஷம்தான் வாசிக்கக் கற்றவள்,
கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டுவாள்.
"சி... சிஸ்... சிசெல்."
"அது எங்கம்மா பேரு" என்றாள் ரூனா, நாலு வயது,
மழை வருது என்பதுபோல.
எய்லிஃப் டார்ச்சில் பேட்டரி இருக்கிறதா என்று
நெடுநேரம் சோதித்தான்.
அந்த வெளிச்சத்தில் டார்ச் எதற்கு?

இரவு அங்கே கடிகாரத்தில் மட்டும்தான்.
ஒன்றரை மணி. பதினோரு மூச்சில் பத்து தூங்கின.
இல்லை, ஒன்பது.
யாரோ என் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார்கள்.
"எனக்கு ஒண்ணுக்கு வருது."
"அப்பாவை எழுப்பட்டுமா?"
"அவர் தூங்குறார். நீதான் முழிச்சிருக்கே."

வெளியே கடல்மேல் சூரியன்,
இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி.
தொப்பிக்குள் கொசு, சட்டைக்குள் கொசு.
பாறைக்குப் பின்னால், எறும்பில்லாத இடமாக
அவள் தேர்ந்தெடுக்கக் காத்திருந்தேன்.
முதல் இடம் பிடிக்கவில்லை.
இரண்டாவதில் ஒரு நத்தை இருந்தது.
கடைசியில் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு
பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்,
தன் முழு எடையையும் என்னிடம் விட்டுவிட்டு.

"எப்போ இருட்டும்?"
"ஸ்கூல் திறந்தப்புறம்."
"உன் ஷூ மேல போயிருச்சு."
"பரவாயில்ல."
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
"நீதானே கம்பியை மறந்தே."
"ஆமா. நான்தான்."
"எல்லாத்தையும்?"
"எல்லாத்தையும்."
வாய் நிறையச் சிரித்தாள்,
கால் நனைந்து நானும்,
இம்முறை பிந்தாமல்.
காலையிலிருந்து அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள்.

விடிகாலை மழையில் பசு படுத்துவிட்டது.
ஈரத் துணிக்கடியில் யார் கால் யாருடையது என்று தெரியவில்லை,
ஒரு முழங்கை என் விலாவில்,
ஓலாவ் ம்மா என்று கத்தினான்,
தூர்பியோர் என்னைத் திட்டினாள், சத்தமாக, பெயர் சொல்லி.
யாரும் காபி ஊற்றவில்லை.

திரும்பும் படகில் அவள் ஒரு காகிதம் எடுத்து
அடுத்த வருஷத்துக்கு யார் எதைக் கொண்டுவருவது என்று எழுதினாள்.
அடுப்பு: எய்லிஃப். கொசு மருந்து: எல்லோரும்.
கம்பிகள் என்பதற்கு எதிரே என் பெயர்,
ஒரு எழுத்துத் தப்பாக.
திருத்தச் சொல்லவில்லை.
மடியில் ரூனா தூங்கிக்கொண்டிருந்தாள்,
ஒரு காலில் மட்டும் காலுறையோடு.