ஒழுகல்

மத்தி டப்பாவுக்குள் அடங்கிவிட்டது
நாற்பத்தெட்டு கிலோபைட் உலகம்.
எண்ணெய் வாடை மட்டும் இன்னும் போகவில்லை.

கோஷிட்சேயில் பனி. டிராம்
கடைசி வளைவில் கிறீச்சிடும்போதெல்லாம்
சால்டரிங் முனையைத் தூக்கிப் பிடிக்கிறேன்,
மேசை நடுங்கும்.

விரல்நக அளவுச் சில்லைப்
பழைய கணினியாக நடிக்க வைத்தேன்:
இத்தனை துடிப்புக்கு ஒரு வரி,
இத்தனை வரிக்கு ஒரு திரை.
எல்லாம் சரி. எல்லாமே சரி.
ஆனால் அந்தப் படகு விளையாட்டில்
படகு மட்டும் கரையைவிட்டு நகரவில்லை
மூன்று இரவுகள்.

நான்காம் இரவு ஸ்லாவோமிரா
பழைய சாமான் சந்தையில்
பன்னிரண்டு யூரோவுக்கு வாங்கிய அசலைக் கொண்டுவந்தாள்.
ரப்பர் விசைகள். 'எம்' செத்துக் கிடந்தது.
அலைக்காட்டியை மாட்டினோம்.

ஆளில்லாத வாசலைத் தட்டினால்
அசல் சும்மா இருப்பதில்லை;
பக்கத்துக் கம்பியில் திரைக்குப் போகும் வண்ணம்
கொஞ்சம் ஒழுக,
அதையே பதிலென்று நீட்டிவிடுகிறது.
காசை மிச்சம் பிடித்தவர்களின் கைங்கரியம்.
விளையாட்டை எழுதியவன் எவனோ
அந்த ஒழுகலை வைத்துத்தான்
மணி பார்த்திருக்கிறான்.

என் டப்பாவோ ஒவ்வொரு தட்டலுக்கும்
இருநூற்று ஐம்பத்தைந்து என்றது.
சுத்தம். படு சுத்தம்.

ஒழுகுவதற்கென்றே
பதினோரு வரி எழுதினேன்.
ஸ்லாவோமிரா தூங்கிவிட்டிருந்தாள்,
கோட்டைக் கழற்றாமலே.

படகு கிளம்பியது.
இடதுபக்கம் திருப்பும் விசையை
இன்னும் பொருத்தவில்லை என்பது
பாறை தெரிந்த பிறகுதான் உறைத்தது.