பதினொன்று நாற்பது

ஓசூர் எங்களிடம் இரண்டு இருக்கிறது.
ஒன்று வெளியே.
மற்றது மாநகராட்சி மாடியில், என் மேசைத் திரைக்குள்.
கோப்பில் அதன் பெயர் டிஜிட்டல் இரட்டை.

இரட்டையில் பாகலூர் சாலைக்குக் குழி கிடையாது.
மலைக்கோயில் ஒரு சாம்பல் கூம்பு.
குழாய்கள் நீலம், வால்வுகள் சிவப்பு,
வீடுகள் வெறும் பெட்டிகள்:
உயரம் இவ்வளவு, ஆட்கள் இத்தனை.

மழை வேண்டுமென்றால் பெய்யவைக்கலாம். வைத்தோம்.
நாலு மணி நேரத்தில் பேருந்து நிலையம் மூழ்கியது.
முனிரத்தினம் சார் டீயை உறிஞ்சியபடியே
மழையை அழித்தார்.

மத்திகிரிப் பக்கம் ஒரு தெருவில்
இரவு பதினொன்று நாற்பதுக்கு
தண்ணீர் அழுத்தம் விழுவதைத்தான்
அழிக்க முடியவில்லை.
தினமும். ஞாயிறு தவிர.

கசிவு, என்றது இரட்டை.
கசிவுக்கு ஞாயிறு லீவு உண்டா சார்?
சிரித்தார். ஜீப்பை எடுத்துக்கொள் என்றார்.

போய் நின்றேன். ஸ்வெட்டருக்குள் கை.
கம்பெனி பஸ் வந்து
எஞ்சினை அணைக்காமலே இறக்கிவிட்டுப் போனது.
எண்ணினேன், வேலைப் பழக்கம்.
முப்பத்து நாலு பெண்கள்.
அரூர், பென்னாகரம், ராஞ்சி.
கழுத்தில் அட்டையோடு எல்லோரும்
ஒரே பெட்டிக்குள் நுழைந்தார்கள்:
உயரம் ஒன்பது மீட்டர், ஆட்கள் நான்கு.

அப்புறம் குழாய்கள்.
வாளி மாற்றி வாளி,
"சோப்பு என்னுது", "சீக்கிரம்டீ",
இந்தியில் ஒரு சண்டை, பாதியில் சிரிப்பு.

வாசலில் சாக்ஸ் பிழிந்துகொண்டிருந்தவள்
அனிமா மிஞ்ச், அட்டையில் படித்தேன்.
"தண்ணி கட் பண்ண வந்தியா அக்கா?"
இல்லை, மீட்டர் பார்க்க, என்றேன்.
மீட்டர் எங்கே என்று
இருவருக்குமே தெரியவில்லை.

மறுநாள் திரையில் மூன்றே கட்டங்கள்.
கசிவு: தெருவைத் தோண்டுவார்கள்.
திருட்டு: இணைப்பைத் துண்டிப்பார்கள்.
கருவிப் பிழை: கருவியை மாற்றுவார்கள்.
நாலாவது கட்டம் இருக்கிறதா என்று
கீழே வரை உருட்டிப் பார்த்தேன்.
மூன்றாவதை அழுத்தினேன்.

கோவையிலிருந்து புதுக் கருவி வர ஆறு நாள்.
சாரே போய்ப் பொருத்தினார்.
அன்றிரவு வீட்டில் சாப்பிட்டபடி
போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினொன்று நாற்பது. நேர்கோடு.
நாற்பத்து மூன்று. நேர்கோடு.
பஸ்ஸுக்கு என்ன ஆச்சு.
சூளகிரி மேம்பாலத்தில் பனியா, லாரியா.
நாற்பத்தாறு.
சோறு கையில் காய்ந்தது.

நாற்பத்தொன்பதுக்கு விழுந்தது.
நன்றாகவே விழுந்தது.

எழுந்துபோய்
கை கழுவக் குழாயைத் திறந்தேன்.