பத்துக்கு ஆறு

கோபாலபுரம் தாண்டினால் மொழி மாறும்,
பால் மாறாது.
பொள்ளாச்சியிலிருந்து போகும் டேங்கர்களை
ராத்திரி ஒன்றே முக்காலுக்குச் சாவடியில் நிறுத்தி
மூடி திறந்து ஒரு குவளை மொண்டு பார்க்கிறார்கள்.
"நல்ல பாலுதானுங்க" என்கிறார் ஓட்டுநர்,
பதினெட்டு வருடமாய்ப் பொய் சொல்லாதவர்.
அவருக்கும் தெரியும்
சோதிப்பது அவரையல்ல என்று.

எனக்கு வந்த சேதிக்கு மூடி இல்லை.

"சித்தூர்ப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையம்,
கணினிகளை வெளியிலிருந்தே பூட்டிப் பணம் கேட்கப் போகிறார்களாம்,
இந்த வாரமே."
சொன்னவர் ராயப்பன்.
நான்கு முறை சொல்லி நான்கும் பலித்தவர்.
ஆனால் வாக்கியத்தின் வாலில் ஒட்டியிருந்த
அந்த ஒற்றை "ஆம்"
பார்க்கவில்லை, கேட்டேன் என்றது.

ஆளுக்கு ஓர் எழுத்து, சேதிக்கு ஓர் எண்.
எங்கள் வேலையில் அப்படி.
ஆளுக்கு முதல் எழுத்தே போட்டேன்.
எண்ணுக்காக இன்னும் இரண்டு பேரை எழுப்பினேன்.
இருவரும் ஆமாம் என்றார்கள்.
இருவருக்கும் சொன்னது ராயப்பன்.
ஒரே கிணறு, மூன்று வாளி.

அந்தப் பக்கம் விஜீஷ் விழித்திருந்தான்.
போன மாதம் அவன் எழுதிய "ஆயிரிக்கும்" என்பதை
"ஆயிருக்கும்" என்று படித்துவிட்டேன்.
அவனுக்கு அது ஐயம்,
எனக்கு அது முடிந்துபோன காரியம்.
ராத்திரி முழுக்க
எரியாத வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினோம்.
அதிலிருந்து எங்களுக்குள் எண்கள்தான்.

"நடக்கும்" என்று எழுதி அழித்தேன்.
"நடக்கலாம்" யாரையும் எழுப்பாது;
மழைகூட வரலாம்.
"உறுதி" என்றால் நிலையத்தையே நிறுத்திவிடுவான்,
விடிவதற்குள் நாற்பதாயிரம் லிட்டர் திரியும்.
கடைசியில் போனது இது:
சொன்ன ஆளை நம்புகிறேன்.
சொன்னதை அவர் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.
பத்துக்கு ஆறு.
எது தெரிந்தால் இதை மாற்றுவேன் என்பது கீழே.

விஜீஷ் எதையும் நிறுத்தவில்லை.
வெளியுலகத்துக்குப் போகும் கம்பியை மட்டும் பிடுங்கினான்.
அரை மணிக்கொரு தரம்
வெப்பமானியைக் கண்ணால் பார்த்து நோட்டில் எழுத
பிந்துஜாவை உட்காரவைத்தான்.

வாரம் போயிற்று.
ஒன்றும் நடக்கவில்லை.

"அப்ப தப்புதானே?" என்றார் மேலாளர்.
ஆறு என்றபோது
நாலையும் சேர்த்துத்தான் கொடுத்தேன் சார்.
அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

பதிவேட்டில் ஆறை ஆறாகவே விட்டேன்.
ராயப்பனின் எழுத்தை மாற்ற
ஒரு நொடி கை போனது, இல்லையென்று சொல்லமாட்டேன்.
போன கை திரும்பி வந்தது.

நேற்று விஜீஷ், தனக்குத் தெரிந்த தமிழில்:
"பிந்துஜாவுக்கு இப்போ பார்க்காமலே தெரியுமாம்,
நாலு டிகிரி."

யார் சொன்னது என்று கேட்டேன்.
பிறகு,
பத்துக்கு எத்தனை?