பெயர் சொல்லாத மடு

ஊட்டமலைக்குக் கீழே, பேர் சொல்லமாட்டேன்,
பரிசலைப் பாறைச் சந்தில் செருகிவிட்டு
நாலாள் ஆழத்தில் தூண்டில் இறக்கினேன்.

கருமுழிக்கெண்டை கவ்வி இழுக்காது.
அடிக்கல் பாசியை உதட்டால் வழித்துத் தின்கிற ஜாதி.
ராகிக்களி உருண்டை
கொஞ்சம் எடை குறைந்த மாதிரி இருக்கும்,
அவ்வளவுதான்.
அப்போதே சுண்ட வேண்டும்.

நாலு வருசத்துக்கு அப்புறம் ஒன்று.
வயிறு விரலுக்கு மெத்தென்றது: சினை.
தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றினேன்.
வால் மணிக்கட்டில் ஓர் அறை.
போய்விட்டது.

கிலோ அறுநூறு என்று
முனிமாதன் சொன்னது
பிறகுதான் ஞாபகம் வந்தது.

நானும் தோட்டா போட்டவன்தான்.
இடது கையில் இல்லாத மூன்று விரலைக் கேளுங்கள்.
அன்றைக்கு மடு முழுக்க
பொறுக்கக்கூட லாயக்கில்லாத குஞ்சுகள்
வெள்ளை வயிறாய் மிதந்தன.
ரத்தக்கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கரையில் முனிமாதன்:
"கையில கவிச்சி அடிக்குதே, எங்க கிடைச்சுது?"
"ஒண்ணும் கிடைக்கல."
"சரி, எங்க கிடைக்கல?"

முதலைப்பண்ணைப் பக்கமாய்
இடது கையை நீட்டினேன்.
அது எந்தத் திசையைக் காட்டுகிறதென்று
அவன் கொஞ்ச நேரம்
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.